மளிகைக்காரர் கட்டிய கோட்டை

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஜோஹானஸ்பர்க் ஜூபர்ட் பூங்காவில் இருக்கும் கலைக்கூடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அதை வடிவமைத்த லட்யன்ஸ் என்ற பெயர் மனதில் ஒட்டிக்கொண்டது. இந்த ஜூன் விடுமுறைக்கு எக்ஸிட்டரில் நர்ஸாக இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், டார்ட்மூர் பக்கம், அதே லட்யன்ஸ் வடிவமைத்த கோட்டை ஒன்று இருக்கிறது என்று மருமகன் கூட்டிப் போனார். காசில் ட்ரோகோ என்று பெயர்.

தூரத்தில் பார்த்தபோது பிரமாதமாக இருந்தது. மலை விளிம்பில் கருங்கல் கோட்டை, கீழே செங்குத்தாக டீன் ஆற்றின் பள்ளத்தாக்கு. உள்ளே போனதும் ஏமாந்துபோனேன். கட்டி முடித்ததே 1930இல்தானாம். கட்டியவர் ராஜாவும் இல்லை, பிரபுவும் இல்லை, டீத்தூள் விற்றவர். நம்ம டர்பன் கிரே ஸ்ட்ரீட்டில் இதைவிட வயதான கட்டடங்கள் உண்டே! பேத்தி, ‘இது டூப்ளிகேட் கோட்டை தாத்தா’ என்று சிரித்தாள். செஞ்சிக் கோட்டையில் மூச்சிரைக்க ஏறியவன் நான். இதைக் கோட்டை என்று ஒத்துக்கொள்ளலாமா? அவர் தன்னைப் பழைய நார்மன் பிரபு வம்சம் என்று சொல்லிக்கொண்டாராமே, அது நிஜமா? அவர் விற்ற டீத்தூள் நம்ம ஆட்கள் பறித்ததா?

இன்னொன்று, சம்பந்தமில்லாதது. எங்கள் பெரியப்பா, ‘நம்ம தாத்தா கூலியாக வரவில்லை, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த பாசஞ்சர்’ என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு பெட்டியில் ஒரு பழைய தாள் கிடைத்தது. அதில் ஆறு இலக்க எண் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அதை வைத்து ஏதாவது தேட முடியுமா?

ம.
லெனேசியா

*

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் பேத்திக்கு முன்னாலேயே அந்தச் சந்தேகம் லட்யன்ஸுக்கே இருந்தது. 1910 ஆகஸ்டில் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், கட்டச் சொன்னவர் வீட்டுக்கு 50,000 பவுண்டும் தோட்டத்துக்கு 10,000 பவுண்டும் ஒதுக்கியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, இந்த மனிதர் கோட்டை கேட்காமல் நல்ல விசாலமான அறைகள் கொண்ட அழகான வீடு ஒன்றைக் கேட்டிருக்கக் கூடாதா என்று அலுத்துக்கொள்கிறார். கோட்டைதான் வேண்டும் என்று நின்றவர் ஜூலியஸ் ட்ரூ. பணம் அவருடையது, ஆகவே கோட்டை.

ட்ரூவின் கதை அந்தக் கல்லைவிட சுவாரசியமானது. 1856இல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். தாய்வழி உறவினரான பீக் குடும்பத்தார் தேயிலை இறக்குமதி செய்தவர்கள். பதினெட்டு வயதுப் பையனாக சீனாவுக்குப் போய்த் தேயிலை கொள்முதல் செய்தார். 1878இல் லிவர்பூலில் முதல் கடை. 1883இல் ஜான் மஸ்கர் என்பவரோடு சேர்ந்து லண்டனில் தொடங்கிய வியாபாரம்தான் பிறகு ஹோம் அண்ட் காலோனியல் ஸ்டோர்ஸ் ஆனது. டீ, சர்க்கரை, வெண்ணெய் என்று சாதாரணக் குடும்பங்களுக்கு மலிவு விலையில் விற்ற சங்கிலிக் கடைகள். 1903 வாக்கில் அவை சுமார் 500 ஆகிவிட்டன. ஆனால் ட்ரூ கல்லாவை விட்டு எழுந்தது 1889இலேயே. அப்போது அவருக்கு வயது 33.

முப்பத்து மூன்று வயதில் கையில் பெரும் பணம், செய்ய வேலை எதுவும் இல்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கால இங்கிலாந்தில் ஒரே ஒரு குறைதான் இருக்கும். பழைய பணக்காரர்கள் இவர்களை மளிகைக்காரர் என்பார்கள். ட்ரூ முதலில் மாளிகைகளாக வாங்கிப் பார்த்தார். சஸெக்ஸில் வாத்ஹர்ஸ்ட் ஹால் என்ற பெரிய வீட்டை உள்ளிருந்த சாமான்களோடு வாங்கினார். காசில் ட்ரோகோவில் நீங்கள் பார்த்த ஸ்பானிய மரச்சாமான்களில் பல அங்கிருந்து வந்தவைதான். பரம்பரைச் சொத்து மாதிரி தெரியும், ஆனால் வேறு யாரோ ஒருவருடைய பரம்பரை.

அப்புறம் வந்தார் வம்சாவளி எழுதுபவர். ட்ரூ குடும்பத்தின் வேர் 12ஆம் நூற்றாண்டின் ட்ரோகோ டி டீன் என்ற நார்மன் பிரபுவிடம் போய்ச் சேர்கிறது என்று கணித்துக் கொடுத்தார். அந்த ட்ரோகோவின் பெயரால்தான் டீன் ஆற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் ட்ரூஸ்டெயின்டன் என்ற ஊர் இருக்கிறது. ட்ரூவின் ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் அதே ஊரில் பாதிரியாராக இருந்தது இன்னும் வசதியாகப் போயிற்று. 1910இல் அங்கே சுமார் 450 ஏக்கர் நிலம் வாங்கியாயிற்று. 1911 ஏப்ரல் 4, தன் 55ஆவது பிறந்த நாளில் அடிக்கல் நாட்டினார். 1913இல் தன் குடும்பப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தை முறைப்படி சேர்த்துக்கொண்டார், கொஞ்சம் பழமை தட்டட்டும் என்று. வாசலுக்கு மேலே ஒரு கல் சிங்கம் இருக்கிறதே, அதன் கீழே லத்தீனில் செதுக்கியிருப்பதன் பொருள், ‘ட்ரோகோ என்பது என் பெயர், வீரம் எனக்கு இந்தச் சின்னத்தைத் தந்தது’ என்பது. வீரம் என்ற இடத்தில் டீத்தூள் என்று போட்டிருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும்.

அந்த வம்சாவளியை நீங்கள் நம்புவீர்களா என்று கேட்டால், நான் நம்ப மாட்டேன். ஏழு நூற்றாண்டு இடைவெளியைப் பெயர் ஒற்றுமையை வைத்துத் தாண்டுவது கணக்குப்பிள்ளை வேலை இல்லை, புலவர் வேலை. நம்மவர்களுக்கு இது புதிதா என்ன? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சி தொகுத்த சுவடிகளில் நம் பாளையக்காரர்களின் வம்சாவளிகள் இருக்கின்றன. படித்துப் பாருங்கள். பாதிப் பேரின் மூதாதை விஜயநகர ராயரின் முன்னால் புலியைக் குத்தினவராகவோ, மல்லனை வீழ்த்தினவராகவோ இருப்பார். அதற்குப் பரிசாகப் பாளையம் கிடைத்திருக்கும். பதவி கையில் வந்த பிறகு புலி வரும். ட்ரூவுக்கு வந்தது நார்மன் புலி.

சரி, கோட்டையா இல்லையா? போர் பார்த்த கோட்டை என்றால், இல்லை. அதன் இரும்புக் கிராதிக் கதவு மேலிருந்து இறங்கும்படிதான் அமைந்திருக்கிறது, ஆனால் அதை இறக்கும்படி எந்த எதிரியும் வரவில்லை. நிஜமான பழைய அரண்களைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் திரும்பி நின்றிருந்தாலே போதும். அதே பள்ளத்தாக்கில் ஃபிங்கிள் பாலத்துக்கு மேலே பிரெஸ்டன்பரி காசில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிரான்புரூக் காசில். இரண்டும் இரும்புக் கால மலை அரண்கள், ரோமானியர் வருவதற்கும் முந்தியவை. கோபுரமும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. புல் மூடிய மண் வரப்புகளும் கல் குவியல்களும்தான் மிச்சம். கட்டியவர்களின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. ஆற்றைக் காவல் காக்க நிஜமாகவே மலை ஏறியவர்கள் அவர்கள்தான்.

ஆனால் காசில் ட்ரோகோவை டூப்ளிகேட் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம், அது ஒழுகின விதம்.

முதல் திட்டம் இப்போது இருப்பதைப்போல மூன்று மடங்கு. பெரிய முற்றம், நீண்ட மண்டபம், முன்வாசல் கோபுரம் என்று லட்யன்ஸ் வரைந்து தள்ளினார். முன்வாசல் கோபுரம் எப்படி இருக்கும் என்று காட்ட, மரச்சட்டங்களால் முழு அளவிலேயே ஒரு மாதிரியை அந்த இடத்தில் எழுப்பிக் காட்டினார். நினைத்துப் பாருங்கள், காற்று வீசும் டார்ட்மூர் மேட்டில் ஆளுயரத்தைப் பல மடங்கு மிஞ்சிய மரக் கோட்டை வாசல், அதற்கு முன்னால் கைத்தடியோடு மளிகை அதிபர். பார்த்துவிட்டு ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார். கோட்டையிலேயே மிக உண்மையான டூப்ளிகேட் அந்த மர வாசல்தான். அதைப் பிரித்து எடுத்துவிட்டார்கள்.

மண்டபமும் போயிற்று. அதற்காகக் கட்டிய அடித்தளம்தான் இப்போது தேவாலயமாக இருக்கிறது. கட்டடம் இப்படிக் குறைந்ததற்கு ட்ரூவின் பிடிவாதமும் ஒரு காரணம். சுவர் என்றால் உள்ளும் புறமும் முழுக்கக் கல்லாக இருக்க வேண்டும், நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது கோட்டை ஆகாது என்றார். அந்தக் காலத்துப் பிரபு எப்படிக் கட்டியிருப்பாரோ அப்படி. அத்தனை தடிமனான கல் சுவருக்கு ஆகும் செலவுக்கு ஏற்றபடி கட்டடம் சுருங்கியது. நடுவில் வெற்றிடம் இருந்தால் வெளிச் சுவரில் இறங்கும் ஈரம் அங்கேயே வடிந்துவிடும், உள்ளே வராது. முழுக் கல்லில் சாந்து கரைந்த இடமெல்லாம் மழைக்கு வழி. டார்ட்மூரில் மழைக்குப் பஞ்சம் கிடையாது. போதாததற்கு, கோட்டை போலத் தெரிய வேண்டும் என்பதால் கூரை மொட்டை மாடி, அதன் மேல் தார்ப் பூச்சு. வெயிலிலும் குளிரிலும் கல் விரிந்து சுருங்க, தார் விரிசல் விட்டது. கட்டி முடிக்கும் முன்பே ஒழுகத் தொடங்கிவிட்டது.

அதாவது போலியாக இருக்கக் கூடாது என்று அவர் பிடித்த பிடிவாதம்தான் வீட்டுக்குள் தண்ணீரைக் கொண்டு வந்தது. வெளியே கல்லை ஒட்டி உள்ளே செங்கல் வைத்துக் கட்டியிருந்தால் படுக்கை நனைந்திருக்காது. இதனால்தான் அந்தக் கட்டடத்தின் மேல் எனக்கு மரியாதை. பொய்யான வம்சத்துக்கு மெய்யான சுவர் கட்டினார் மனிதர்.

1974இல் ட்ரூவின் மகனும் பேரனும் கோட்டையை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தார்கள். அந்த அமைப்பு ஏற்றுக்கொண்ட முதல் 20ஆம் நூற்றாண்டுக் கட்டடம் அதுதான். ஒழுகலும் கூடவே போயிற்று. 2013இல் தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பில் கூரை விளிம்பிலிருந்து 2,300க்கும் மேற்பட்ட கருங்கற்களை எண் போட்டுக் கழற்றி, அடியில் புதிய நீர்த்தடுப்பு விரிப்பு விரித்து, மறுபடி அடுக்கினார்கள். 900க்கும் அதிகமான சன்னல்களையும் கழற்றிச் செப்பனிட்டார்கள். செலவு 1 கோடி பவுண்டுக்கு மேல். நீங்கள் சாரம் இல்லாமல் முழுசாகப் பார்த்தது உங்கள் அதிர்ஷ்டம். அதே லட்யன்ஸின் ஜூபர்ட் பூங்கா கலைக்கூடத்திலும் கூரை ஒழுகிய கதை உங்களுக்குத் தெரியும். 1910 கடைசியில் அவர் ஜோஹானஸ்பர்க் வந்தபோது பெட்டியில் ட்ரோகோ வேலையும் நடப்பில்தான் இருந்தது. மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்தில், ராணுவ அருங்காட்சியக வளாகத்தில் நிற்கும் போர் நினைவு வளைவும் அவருடையது. அடுத்த இரண்டு வருடத்தில் புதுடெல்லி வந்துவிட்டது. இங்கிலாந்தில் ஒரு மளிகைக்காரருக்குக் கோட்டை, இந்தியாவில் வைஸ்ராய்க்கு மாளிகை, இரண்டையும் அவர் ஒரே காலத்தில் வரைந்துகொண்டிருந்தார்.

ட்ரூ யாருக்காகக் கட்டினாரோ அந்த மூத்த மகன் ஏட்ரியன், 1917 ஜூலையில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் குண்டு பட்டு இறந்தான். அவனுடைய பொருள்களை வைத்து ஓர் அறையை நினைவறையாக வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகும் வேலை நடந்தது, வேகம் போய்விட்டது. கோட்டை முடிந்த மறுவருடம், 1931இல், ட்ரூவும் இறந்தார். இரண்டாம் உலகப் போரில் அவருடைய மனைவியும் மகளும் லண்டன் குண்டுவீச்சில் வீடிழந்த குழந்தைகளை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கட்டடம் தன் சுவர்களுக்குப் பொருத்தமான ஒரு காரியத்தைச் செய்தது அப்போதுதான் என்பேன்.

இனி டீத்தூள். நேராக ஒரு கோடு கிழித்து, நம்ம ஆட்கள் இங்கே நேட்டாலில், கியர்ஸ்னி தோட்டத்தில் பறித்த கொழுந்துதான் டெவனில் கோட்டையாக முளைத்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கோடு அங்கே போகாது. நேட்டாலில் காப்பி நோயில் போன பிறகு, 1877 வாக்கில் லீஜ் ஹியூலட் அசாம் விதைகளைத் தருவித்துக் கியர்ஸ்னியில் தேயிலை போட்டார். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் நம் ஒப்பந்தக் கூலிகள். ஆனால் அந்த டீ பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே விற்றது. ட்ரூவின் கடைகள் வளர்ந்தது இந்திய, இலங்கைத் தேயிலை சீனத் தேயிலையை இங்கிலாந்துச் சந்தையிலிருந்து தள்ளிய காலத்தில். அசாம் தோட்டங்களில் பெரும்பாலும் சோட்டா நாகபுரிப் பக்கத்து மக்கள். இலங்கை மலைகளில் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து நடந்தும் படகேறியும் போன நம் சனம். அந்தக் கோட்டையின் எந்தக் கல் யார் பறித்த கொழுந்து என்று பிரிக்க முடியாது. கல்லாவில் விழுந்த பிறகு காசுக்கு ஊர்ப் பெயர் கிடையாது.

வேறொரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 1911 ஏப்ரலில் ட்ரூ அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு ஜூலையில் நேட்டாலுக்குக் கூலி அனுப்புவது நின்றது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியதில் தொடங்கி, மொத்தம் 1,52,184 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னை மாகாணத்தவர். முதல் வருடம் மாதச் சம்பளம் 10 ஷில்லிங், வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் வருடம் 14. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமல் இங்கே இருந்தால், 1895 சட்டப்படி தலைக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி. பெண்களும் கட்ட வேண்டும், 1903 சட்டத்துக்குப் பிறகு 16 தாண்டிய பையன்களும் 13 தாண்டிய பெண் பிள்ளைகளும் கட்ட வேண்டும். ட்ரூ வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒதுக்கிய 60,000 பவுண்டு, 20,000 பேர் ஓர் ஆண்டுக்குக் கட்டும் வரி. ஜோஹானஸ்பர்க்கில் வள்ளியம்மை சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்தாளே, அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று இந்த 3 பவுண்டு வரியை நீக்குவது. அந்த ஆண்டே வரி போயிற்று.

உங்கள் தாளுக்கு வருகிறேன். சம்பந்தமில்லாதது என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘எங்க தாத்தா பாசஞ்சர்’ என்று சொல்லாத தமிழ்க் குடும்பம் டர்பனில் குறைவு. கூலி என்ற சொல்லை வெள்ளைக்காரன் வசையாகப் பயன்படுத்திய நாட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். உங்கள் பெரியப்பா செய்தது ட்ரூ செய்ததுதான், 60,000 பவுண்டு இல்லாமல். ஆனால் ஆறு இலக்க எண் என்றால் விஷயம் கிட்டத்தட்ட முடிந்தது. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்தவருக்கு அந்த எண் போட மாட்டார்கள். அது ஒப்பந்தக் கூலிக்குக் கொடுத்த நேட்டால் எண். ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டதால், உங்கள் கொள்ளுத்தாத்தா வந்தது 1900க்குப் பிறகு. அப்படியானால் அந்த 3 பவுண்டு வரி அவர் தலையிலும் இருந்திருக்கும்.

கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் அவற்றைக் கணினியிலும் ஏற்றியிருக்கிறது. பெயரை வைத்துத் தேடாதீர்கள், எண்ணை வைத்துத் தேடுங்கள். துறைமுகத்துக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருப்பார், முனுசாமி மூன்சாமி ஆகியிருப்பார், கோவிந்தன் என்ன ஆனார் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். எண் பொருந்தினால் ஒரே வரியில் நிறைய கிடைக்கும். தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கப்பல் பெயர், ஒப்பந்த முதலாளி. உடம்பில் அடையாளம் என்று ஒரு பத்தி இருக்கும், அதில் இடது புருவத்தில் தழும்பு, வலது முழங்கையில் மச்சம் என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். ஜூலியஸ் ட்ரூ எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும் ட்ரோகோ டி டீனின் புருவத்தில் தழும்பு இருந்ததா என்று அவருக்கு யாராலும் சொல்லியிருக்க முடியாது.

தாளின் இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். மடிப்பில் மங்கியிருந்தால் பின்பக்கத்திலிருந்து அழுத்தம் தெரியும். முதலாளியின் பெயர் ஓரளவு படிக்க முடிந்தால், எந்தத் தோட்டம் என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
டர்பனிலிருந்து